கணக்கில் கூடுதலாக வந்த பிள்ளை

ஜனக்கணக்கு எடுக்கப் புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். வந்தேன். அறையில் நாற்பது பேர் இருந்தீர்கள். நாற்காலிகள் முப்பத்தாறு. மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் பேச வந்தவர்களின் தலைக்கு மேல். நின்றுகொண்டிருந்த நான்கு பேரைப் பற்றிய கவலையிலேயே நான் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோனது. மறந்த பாதியை இப்போது எழுதுகிறேன். நின்றவர்கள் முதலில் படியுங்கள்.

படிவத்தை எப்படி நிரப்புவது, மையை எப்படி ஒற்றுவது, எந்த மூலையில் கையெழுத்து என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதில் எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு. ஒரு வீட்டு வாசலில் நிற்பீர்கள். உள்ளே இருப்பவர் ஒன்று சொல்வார், உங்கள் கண் வேறொன்று சொல்லும். படிவம் பேசாமல் இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் அரசாங்க அலுவலகத்தில் கிராணி. கணக்கெடுப்பு வரும்போதெல்லாம் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களைக் கடனாக வாங்கிக்கொள்வார்கள். 1911, 1921, 1931 என்று மூன்று முறை போனேன். மூன்று முறையும் எனக்கு விழுந்த பகுதி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்தான்.

முதல் முறை போனபோது சில செங்கல் சூளைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. கோலாலம்பூரின் பழைய அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் எரிந்துபோன பிறகு, இனிச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்ததாம். அந்தச் செங்கல் வெந்த இடம் இது. களிமண் வெட்டிய குழிகளில் மழைநீர் தேங்கி வாத்துகள் நீந்தும். வாத்துகளை எண்ணச் சொல்லி உத்தரவு இல்லாததால் விட்டுவிட்டேன், மனசில்லாமல்தான்.

ஊர் எப்படி நிறைந்தது என்பதைப் பாதி பிறர் சொல்லக் கேட்டும் பாதி கண்ணால் பார்த்தும் அறிந்தேன். ரயில் வந்தது. தண்டவாளம் போடத் தமிழ்நாட்டுக் கூலிகள் வந்தார்கள். ரயில் வந்ததையும் போனதையும் எழுதி வைக்க யாழ்ப்பாணத்துக் கிராணிகள் வந்தார்கள். பெட்டிகளுக்கு மரவேலை செய்யச் சிங்களத் தச்சர்கள் வந்தார்கள். கிராணிகளுக்குக் காலையில் காபி இல்லாமல் கண் திறக்காது. காபிக்குப் பால் வேண்டும். பாலுக்காகப் பஞ்சாபியின் மாடுகள் வந்தன. வீட்டில் காபி போட நேரமில்லாதவர்களுக்காகச் சீனர் காபிக்கடை வைத்தார். ஆளுக்கொரு சாமி வேண்டுமே. கோயில், விகாரை, மாதா கோயில் எல்லாம் வந்தன. குழிகளைத் தூர்த்து அதன்மேல் வீடு, வீட்டை ஒட்டி வீடு என்று மூன்றாம் முறை நான் போனபோது, ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு வயசு' என்றார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் கண்ணை மட்டும் நம்பி எண்ண முடியாது. இதை 1911-லேயே கற்றுக்கொண்டேன். ரயில்வே கூலிகள் கூடித் தங்கிய வீடு ஒன்றில் வரிசையாகப் பலகைக் கட்டில்கள். பகலில் போனேன், கட்டிலுக்கு ஒருவர் படுத்திருந்தார். சுலபமான வீடு என்று கட்டில்களை எண்ணத் தொடங்கினேன். ஒரு கட்டிலில் படுத்திருந்தவர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"கட்டிலை எண்ணுறீங்களா, ஆளை எண்ணுறீங்களா?"

"ஆளைத்தான்."

"அப்போ நான் பாதிதான் ஐயா. நான் எழுந்திரிச்சாத்தான் பகல் ஷிஃப்ட்டுக்காரன் படுப்பான். ரெண்டு பேரையும் ஒரே ஆளா எழுதிட்டீங்கன்னா சாப்பாட்டுக்கும் ஒரே தட்டுதான் வைப்பாங்க!"

மற்ற கட்டில்களில் தூங்கியதாக நான் நினைத்த அத்தனை பேரும் போர்வைக்குள்ளிருந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கட்டிலை எண்ணியதில்லை.

1921-ல் வேறு மாதிரி. எண்ணி முடித்த வீட்டின் கதவில் சுண்ணாம்பால் ஒரு எண் எழுதுவோம். மறுநாள் சரிபார்க்கப் போனால் ஒரு சந்து முழுக்கக் கதவில் எண்ணே இல்லை. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று கொதித்துப் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். பஞ்சாபியின் பசு ஒன்று வீடு வீடாக நின்று, மிகவும் பொறுமையாக, சுண்ணாம்பை நக்கிக்கொண்டு போனது. மாட்டின் நாக்குக்கு எட்டாத உயரத்தில் எழுதுங்கள். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள்.

இனி 1931. உண்மையில் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

மோசமான காலம் அது. ஈயத்தின் விலை விழுந்து, ரப்பரின் விலை விழுந்து, வேலை இல்லாதவர்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையில் புத்தகத்தோடு அரசாங்க ஆள் ஒருவன் வந்தால் யாரும் நல்லதாக நினைக்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் வகுப்பில் ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சைக்கிளில் வந்து எங்கள் வேலையைச் சரிபார்ப்பவர். கறாரானவர். பெயர் வேண்டாம். "முகத்தை எழுதாதே, பதிலை எழுது" என்பதுதான் அந்த விதி. இனம் என்ற கட்டத்தில் நீயாக ஊகித்து எழுதாதே, கேள், அவர்கள் சொல்வதை எழுது என்று பொருள்.

பழைய சூளைக் குழியைத் தூர்த்த இடத்தில் ஒரு சந்து. ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள். முன்னால் பாதை. பின்னால் சாக்கடையை ஒட்டி ஓர் ஆள் போகிற அளவுக்கு நடைவழி. எல்லா வீட்டுப் பின்கதவும் அதில்தான் திறக்கும். இந்த நடைவழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டில் பாக்கியம் என்ற பெண். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனின் மனைவி. கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேருங்க. அவரு, நானு."

"பிள்ளைங்க?"

"இல்லீங்க." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நீங்களும் பார்ப்பீர்கள். நம் பெண்களில் பலர் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வெயிலில் நின்று நாம்தான் ஊகித்துக் கேட்க வேண்டும்.

"அதோ, அந்தப் படத்துல மயில் மேல உட்காந்திருக்காருல்ல, அவரு பேருதாங்க."

"முருகனா?"

தலையாட்டினாள், இல்லை என்று.

"வேலாயுதம்? சுப்பிரமணியம்? தண்டபாணி?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை. முருகனுக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் ஒரு நாளாவது கணக்கெடுக்கப் போயிருக்க வேண்டும். நான் கந்தசாமிக்கு வந்தபோது, பின்கட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் பொறுமை இழந்து கத்தியது.

"ஆறுமுகம்! எங்கப்பா பேரு ஆறுமுகம்!"

பாக்கியத்தின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க. சும்மா கத்தும்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அப்பா பேரு ஆறுமுகமா?"

"இந்தச் சந்துல நெறைய ஆறுமுகம் இருக்காங்க ஐயா."

எட்டிப் பார்த்தேன். பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மூன்று. அவற்றில் ஒன்று சின்னது.  இரண்டு பேர் என்று பென்சிலால் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சந்தேகம் வந்தால் முதலில் பென்சிலை எடுங்கள்.

அடுத்தது ஸ்டேஷனில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணியின் வீடு. அவருடைய மனைவி வாங்கோ என்று நாற்காலி போட்டார். இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்து தன் உயரத்துக்கு ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். வட்ட முகம். கீற்றுக் கண்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. நெற்றியில் அப்போதுதான் அவசரமாகப் பூசிய திருநீறு மூக்கில் கொட்டியிருந்தது.

"இது யாரம்மா?"

"எங்கட பிள்ளைதான். கடைசி. பரமேஸ்வரி எண்டு எழுதுங்கோ."

"ஆறு வயசு இருக்குமா?"

"ஓம் ஓம். வாற மாசத்தோட ஆறு."

"எனக்கு ஏழு" என்றாள் சிறுமி, கரும்பை வாயிலிருந்து எடுக்காமலே.

"அவளுக்குக் கணக்கு வராது. நீங்கள் எழுதுங்கோ. பரமேசு, உள்ள போ பிள்ளை!"

பின்கதவு அடித்துக்கொண்டது. அதையும் பென்சிலாலேயே எழுதினேன்.

மூன்றாவது வீடு சிங்களத் தச்சருடையது. அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி வாசலில் வெள்ளை லேஸ் வைத்த சட்டையைத் தைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், எப்போது போனாலும் அப்படித்தான். அன்று அந்தச் சட்டைக்குள் ஒரு சிறுமி இருந்தாள். சட்டை தோளிலிருந்து நழுவியது. நெற்றியில் எதையோ அழுத்தித் துடைத்த தடம். கையில் அரைக் கரும்பு.

"நம்மட பபா, மாத்தையா" என்றார் அந்த அம்மா, பாதி தமிழும் பாதி சிங்களமுமாக; பபா என்றால் குழந்தை, மாத்தையா என்றால் ஐயா. "சோமாவதி."

சிறுமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. பரமேஸ்வரிக்குப் பல் எத்தனை என்று நான் பார்க்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. சோமாவதி என்று எழுதினேன், பென்சிலால்.

நான்காவது மாட்டுக்கொட்டில். பஞ்சாபிக்காரரை அந்தச் சந்து முழுக்க 'பாய்' என்றுதான் கூப்பிடும். மாடுகள் ஏழு. வைக்கோல் போரின் மேல் தலையோடு காலாகக் கம்பளி போர்த்திய உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கம்பளிக்கு வெளியே ஒரு ஜாண் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில்.

"அது யாரு பாய்?"

தன் பிள்ளை என்று மலாயில் சொன்னார். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை.

"பேரு?"

இங்கேதான் தடுமாறினார். தாடியைத் தடவினார். கூரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பியாரி."

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பியாரி மாட்டுப் பேரு, பாய்!"

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாடும் பார்த்தது. நான் புத்தகத்தை மூடினேன். சந்தில் இன்னும் ஓரிடம்தான் பாக்கி, கோடியிலிருந்த சீனரின் காபிக்கடை. நான் முன்பக்கமாக நடந்தேன். பின்னால் நடைவழியில் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு இது ஓர் அருமையான விளையாட்டாக இருந்திருக்க வேண்டும். நான் போகிற இடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால் போய்ச் சேர்வது.

எதிர்பார்த்தபடியே கடையில் ஒரு முக்காலியில் இருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் சக்கை மட்டும். கடைக்காரரைத் தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். இங்கே பொய் சொல்வது மற்ற எல்லா வீட்டையும்விடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த முகத்துக்கு இந்தக் கடையில் யார் சந்தேகப்படுவார்கள்?

"தவுக்கே, இதுவும் உன் பிள்ளைதானே?"

அவர் குவளையை டம்மென்று வைத்தார்.

"என் புள்ளையா? தாக் லா, இல்லவே இல்லை! இது தமிழ்ப் புள்ள. எஞ்சின் ஆறுமுகம் புள்ள. என்னைத் தமிழ்லதான் திட்டும், நீ கேளு!"

அந்தச் சந்தில் அவள் சீனப் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் அந்த ஒரு சீனர்தான்.

அதற்குள் பாக்கியம் ஓடி வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து அம்மா, தச்சர் மனைவி, பாய். பாக்கியம் சிறுமியை இழுத்துத் தன் புடவைக்குள் மறைத்தாள். சிறுமியின் கால் இரண்டும் வெளியே தெரிந்தன.

"எழுதாதீங்க ஐயா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"என்ன எழுதக் கூடாது?"

"இவ பேரை. கைக்குழந்தையா எங்கிட்டக் கொடுத்தாங்க. கடைசியா மூடுன சூளைல வேலை செஞ்ச சீனக் குடும்பம். அவங்களுக்கு ஏற்கெனவே நாலு பொண்ணு. இவ பொறந்த நேரம் அப்பனுக்கு ஆகாதுன்னு அவங்க சாமி பார்த்துச் சொன்னாங்களாம். எனக்குப் புள்ள இல்லை. நானாத்தான் கேட்டு வாங்கினேன். அவங்க வேலை தேடி எங்கேயோ போயிட்டாங்க. இப்போ குழாயடியில பேசிக்கிறாங்க ஐயா. சீனப் புள்ளைய வளக்குற வீட்டுக்கு ஆபீஸ் ஆளுங்க வந்து புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போய் விடுதியில போட்டுர்றாங்களாம். யார் வீட்ல இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தத் தலை எண்ற வேலையாம்."

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. ஒரு குழாய்க்கு இத்தனை வீடு இருக்கிற இடத்தில் தண்ணீரைவிடப் பேச்சுதான் வேகமாக வரும். ஆனால் அவள் பயம் நிஜம். 

நீங்கள் என்ன செய்வீர்கள்? புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். அவளை எழுதாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. பாக்கியம் என்னைக் கும்பிடுவாள். ஆனால் எண்ணாத பிள்ளைக்காக யாரும் பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் போட மாட்டார்கள், இன்னொரு குழாயும் போட மாட்டார்கள். என் கண் முன்னால் ஒரு முழுக் கரும்பைத் தின்று முடித்த பிள்ளையை இந்த நாட்டில் இல்லை என்று நான் எப்படி எழுதுவது?

"இந்தத் தாள் எண்ணுறதுக்கு மட்டும்தாம்மா" என்றேன். "யார் வீட்டுச் சமாசாரத்தையும் வேற ஆபீசுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. நான் உறுதிமொழி கொடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"சத்தியமா?"

 எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் நம்பினேன். ஆனால் மாடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சார்பில் சத்தியம் செய்ய நான் யார்?

"தாள் என் கையை விட்டுப் போனப்புறம் நடக்கிறதுக்குச் சத்தியம் பண்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. என் கையில இருக்கிறதைச் சொல்றேன். யாராவது உன் வாசலுக்கு வந்தா எனக்கு ஆள் அனுப்பு. வேலையை விட்டுட்டு வந்து உன் வாசல்ல நிக்கிறேன். நான்தான் எழுதினேன், என்னைக் கேளுங்கன்னு சொல்றேன்."

 பாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி அடித்தது. மேற்பார்வையாளர்.

"என்னய்யா கூட்டம்? காபி இலவசமா?" புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவருக்குப் பழகிய கண். "ரெண்டு வீட்ல கடைசிப் பிள்ளையைப் பென்சில்ல போட்டிருக்கீரு. ரெண்டும் பொண்ணு. என்ன இது?"

"ரெண்டும் ஒண்ணு சார்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் புடவைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மழை கட்டியிருந்தது. "இதுக்கா இவ்வளவு நேரம்? முதல் வீட்ல சேருங்க. சீனம்னு போடுங்க. கிளம்பலாம்."

 பாக்கியத்தின் கண் என்மேல் இருந்தது. அவளுக்கு நான் கொடுத்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

"சார், நான் இன்னும் கேக்கலை" என்றேன்.

"எதைக் கேக்கணும்?"

"முகத்தை எழுதாதே, பதிலை எழுதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"அது சந்தேகம் வந்தா."

"எனக்குச் சந்தேகம் வந்திருக்கு சார்."

"முகத்தைப் பார்த்தாத் தெரியலையா ஐயா உமக்கு?"

"படிவத்துல முகத்துக்குக் கட்டம் இல்லை சார்."

சொன்னபிறகுதான் என் குரல் கேட்டு எனக்கே பயம் வந்தது. அந்த வருஷம் கிராணிகளை வேலையிலிருந்து நிறுத்தப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் முகம் சிவந்தது. பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து சிறுமியின் உயரத்துக்கு வந்தார்.

"பாப்பா, நீ யாரு? சீனமா, தமிழா?"

அவள் சக்கையைத் துப்பினாள். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"நான் ரயில்வே."

முதலில் சிரித்தது தவுக்கேதான். பிறகு பாய், விஷயம் புரிவதற்கு முன்பே. பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகள் சண்டையே அப்படித்தான் போடும். நாங்க ரயில்வே, நீங்க பி.டபிள்யூ.டி., எங்க பக்கம் வராதே என்று. அவளுக்கு உலகத்தில் இருந்த இனங்கள் அந்த இரண்டுதான். மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கைக்குட்டையை எடுத்தார்.

"ரயில்வேக்கும் கட்டம் இல்லையேம்மா" என்றார். நிமிர்ந்து, "அம்மா யாரு?" என்று கேட்டார்.

 யாழ்ப்பாணத்து அம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு புடவையை விலக்கினாள்.

"நான்தாங்க."

"பிள்ளை பேரு?"

"லெட்சுமி."

"இனம் என்னன்னு எழுதணும்?"

"தமிழ்னு எழுதுங்க."

அவர் என்னிடம் புத்தகத்தை நீட்டினார். "காதுல விழுந்துச்சில்ல? எழுதும். மையால எழுதும்."

எழுதினேன். பென்சிலில் இருந்த மற்றதையெல்லாம் அங்கேயே, அவர்கள் முன்னாலேயே அழித்தேன். அதற்கும் சண்டை வந்தது.

"எங்கட பிள்ளையை அழிச்சுப்போட்டியளோ?" என்றார் யாழ்ப்பாணத்து அம்மா, உண்மையாகவே மனம் நொந்து. "காலமை இடியப்பம் எங்கட வீட்டிலதானே சாப்பிட்டவள்."

தச்சர் மனைவி, சட்டை தைத்தது தான் என்றார். பாய் ஒருபடி மேலே போய், ஒரு புத்தகத்தில் ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் இருந்தால் அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். சாப்பிட்ட இடத்தை எண்ணுவதில்லை, வீடு எதுவோ அங்கேதான் எண்ணுவோம் என்று விளக்கி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. எல்லாரும் காபிக்கடைக்குள் ஒதுங்கினோம். முக்காலிகள் ஆறு, ஆட்கள் எட்டு. மேற்பார்வையாளர் நின்றுகொண்டே குடித்தார்.

போகும்போது என் காதோடு சொன்னார். "நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்ற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது." மறுநாள் எனக்கு இன்னொரு பகுதியையும் சேர்த்துக் கொடுத்தார். அது தண்டனையா மரியாதையா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கணக்குக்கும் கடைசிச் சரிபார்ப்புக்கும் நடுவில் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. வார்த்தை கொடுத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி அது இல்லை. ஆனாலும் அந்தச் சந்து வழியாகவே போனேன். பாக்கியம் வாசலில் புதிய செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. தவுக்கே கடையிலிருந்து கையை ஆட்டுவார், யாரும் வரவில்லை என்று. ஒரு நாள் வாசலில் பெரிய சப்பாத்து ஒன்று கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆறுமுகம் எஞ்சின் கரியோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்து அவருடையது. என்னையும் உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.

யாரும் வரவில்லை. தாள் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று. அது அப்படித்தான் போகும் என்று எனக்கு அன்று தெரிந்திருந்தால், நான் பாக்கியத்திடம் பெரிதாகச் சத்தியம் செய்திருப்பேன். தெரியாததால் சின்னதாகச் சொன்னேன். சின்னதாகச் சொன்னதைத்தான் அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். உங்களிடமும் யாராவது சத்தியம் கேட்பார்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பு நாள் வந்தது. விளக்கு ஏற்றும் நேரத்தில் அந்தச் சந்துக்குள் போனேன். பாக்கியத்தின் வீட்டுக் கதவு இந்த முறை முழுதாகத் திறந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"மூணு பேருங்க. நல்லா எண்ணிக்கோங்க."

எண்ணிக்கொண்டேன். வழக்கப்படி அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

"வீட்டுக்காரர் பேரு?"

பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்னால், வாசற்படியின் நட்டநடுவில் நின்ற லெட்சுமி, எனக்கு மட்டுமில்லாமல் சந்து முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆறுமுகம். எங்கப்பா."